பிடிப்பது ஒன்று, அடைப்பது இன்னொன்று

"ஒட்டுனா கார்ல ஏறாது மாமா. ஒட்டலன்னா ஒழுகுது."

காம்பாரில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகளின் புகார் இது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது பாலோங். ஈயக்குட்டைகளுக்கு நடுவில் வளரும் பிள்ளை வேறு எதை எடுப்பாள்? முக்கால் இஞ்சி பிவிசி குழாய்கள், ஒரு வாளி, ஒரு சாய்வுப் பலகை. முழுசாகப் பூட்டினால் இரண்டு மீட்டர் நீளம். வீட்டு முன் ஐந்தடி நடையில் நன்றாக ஓடியது. பள்ளிக்குக் கொண்டுபோவது எப்படி என்று யோசித்தபோதுதான் மேற்படி புகார் வந்தது. அவள் அறியாமலே, குழாய் இணைப்புத் தொழிலின் நெடுநாள் சிக்கலை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

பாலோங் என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம், காரீயம் அல்ல. மண்ணோடு கலந்து கிடந்த அந்தத் தாதுவை எடுக்க இங்கே பரவலாக இருந்த முறை தண்ணீர்முறை. பீரங்கி போன்ற ஒரு குழலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை உடைப்பார்கள். கரைந்த சேறு பள்ளத்தில் சேரும். அதைச் சரளைப் பம்பு உறிஞ்சி, மரக்கால்கள் தாங்கி நிற்கும் நீண்ட சாய்வான தொட்டிக்கு ஏற்றும். அந்தத் தொட்டிதான் பாலோங். அதன் குறுக்கே வரிசையாக மரச்சட்டங்கள். கனமான ஈயத்தாது சட்டங்களின் பின்னால் தங்கிவிடும். மணல் தண்ணீரோடு வழிந்து போய்விடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர மனமில்லை. ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு அடர்த்தி. மணல் 2.65 மடங்கு. தரையில் வைத்துப் பார்த்தால், ஒரே பருமனுள்ள தாது மணலைவிட 2.6 மடங்கு கனம். தண்ணீருக்குள் போட்டால் இரண்டுமே தம் பருமன் அளவு தண்ணீரின் எடையை இழக்கின்றன. மிச்சம் 6, 1.65. இப்போது வித்தியாசம் 3.6 மடங்கு! பிரிக்கும் வேலையில் பாதியைத் தண்ணீரே செய்துவிடுகிறது. பிள்ளை தன் மாதிரியில் ஈயத்தாதுவுக்குப் பதில் பட்டறை இரும்புத்தூளைப் போட்டிருந்தாள். இரும்பின் அடர்த்தி 7.8, தாதுவுக்கு மிக அருகில். ஓட்டம் முடிந்ததும் காந்தத்தால் பொறுக்கி நிறுத்துப் பார்த்தால் எத்தனை பங்கு தங்கியது, எத்தனை பங்கு தப்பியது என்று தெரிந்துவிடும். அது அவளுடைய யோசனை; பெருமை எனக்கில்லை.

காம்பாரில் 2012இல் திறந்த சரளைப் பம்பு ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் இந்த முறையை நேரில் நிற்பதுபோலப் பார்க்கலாம். போகிறவர்கள் பாலோங்கையும் மனித உருவங்களையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். தண்ணீர்முறைச் சுரங்கத்தின் உயிர் குழாயில் இருந்தது என்பது பலருக்கு உறைப்பதில்லை. மண்சுவர் உடைந்து பின்வாங்கப் பின்வாங்க, பீய்ச்சும் குழலும் முன்னே நகரவேண்டும். பின்னாலேயே குழாயும் நீளவேண்டும். மணல் கலந்த சேறு ஓடும் குழாய் உள்ளிருந்து தேயும், அதுவும் அடிப்பக்கம் முதலில். அதனால் சேற்றுக் குழாய்களை அவ்வப்போது கழற்றிச் சுழற்றிப் போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். போட்டது போட்டபடி கிடக்கும் குழாய் அல்ல அது. கழற்றுவதும் மாட்டுவதும் தினப்பாடு.

வீட்டுக் குழாயோ அப்படியில்லை. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே சின்ன டின்னில் தரும் பிவிசி பசையை நாம் பசை என்கிறோம். உண்மையில் அது கரைப்பான். குழாயின் மேல்தோலையும் சாக்கெட்டின் உள்தோலையும் கரைத்து, இரண்டின் மூலக்கூறுகளையும் ஒன்றோடொன்று பின்னவிடுகிறது. கரைப்பான் ஆவியாகிப் பறந்ததும் அங்கே இரண்டு பொருள் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. கழற்றவேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். (அந்த ஆவி மூளைக்கு நல்லதல்ல. சன்னலைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடவேண்டிய சாமான்.)

இந்த ஒட்டு இரண்டு வேலையை ஒரே மூச்சில் செய்கிறது. குழாய் பிடுங்கிக்கொண்டு போகாமல் பிடிக்கிறது. தண்ணீர் கசியாமல் அடைக்கிறது. இரண்டையும் ஒன்றே செய்வதால் ஒன்றைத் தளர்த்தாமல் மற்றதைத் தளர்த்த முடியாது. நொடியில் கழலும் இணைப்பு பெரும்பாலும் இந்த இரண்டு வேலையையும் இரண்டு பொருளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும். பிடிப்பதற்கு ஒரு கொக்கி, பல் அல்லது கவ்வி. அடைப்பதற்கு ஒரு ரப்பர் வளையம்.

பிடிக்கும் வேலை எவ்வளவு பாரமானது? முக்கால் இஞ்சிக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 26.7 மில்லிமீட்டர், பரப்பு 5.6 சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டர் உயர மேசையில் வாளியை வைத்தால் இணைப்பைப் பிரிக்கப் பார்க்கும் விசை அரை கிலோவுக்குச் சற்று மேல். ரப்பர் பேண்டு போதும். அதே குழாயை 30 மீட்டர் உயர நீருக்கு ஈடான அழுத்தமுள்ள தெருக்குழாயில் மாட்டினால் ஏறக்குறைய 17 கிலோ. சுரங்கத்துக்குப் போவோம். 150 மில்லிமீட்டர் குழாய், 70 மீட்டர் நீர் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். பழைய சுரங்கக் குழாய்களின் முனையில் தட்டையான வளையமும் அதைச் சுற்றி வரிசையாக நட்டு போல்ட்டும் ஏன் என்பது இப்போது விளங்கும். அத்தனை போல்ட்டையும் ஒவ்வொரு தடவையும் கழற்றியவர்களின் கை என்ன பாடுபட்டிருக்கும்!

திருகி முடுக்கும் தொல்லையை ஒழிக்கத் துடித்தவர்கள் தீயணைப்பாளர்கள். வீடு எரியும்போது மரை திருகிக்கொண்டிருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிடோ ஸ்டோர்ஸ் என்பவர் வகுத்த இணைப்பு இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. அதில் ஆண்முனை, பெண்முனை என்று கிடையாது. இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றே. எதிரெதிரே வைத்துக் கால் சுற்று திருப்பினால் கொக்கிகள் கவ்விக்கொள்ளும். அவசரத்தில் எந்த முனை எந்த முனைக்கு என்று தேடவேண்டாம். இந்தப் பொதுமை இல்லாததன் விலையை 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் கொடுத்தது. அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து உதவிக்கு ஓடிவந்த தீயணைப்புப் படைகளில் பலவற்றின் குழாய்கள் அந்நகரத்தின் தண்ணீர் முனையில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

அடைக்கும் வேலைக்கு வருவோம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், பிரேக் கருவிகளில் வாழ்நாளைக் கழித்தவர். 1937இல், 72ஆம் வயதில், ஒரு ரப்பர் வளையத்துக்குக் காப்புரிமை கேட்டார், 1939இல் கிடைத்தது. இன்று 'ஓ ரிங்' என்று எல்லாரும் சொல்வது அதுதான். ரப்பர் வளையம் அதற்கு முன்பும் இருந்தது. அவருடைய சாமர்த்தியம் பள்ளத்தில். வளையம் உட்காரும் பள்ளம் வளையத்தின் தடிமனைவிட ஒன்றரை மடங்கு அகலமாக இருக்கவேண்டும் என்று கண்டார். இடம் கொஞ்சம் தாராளமாக இருப்பதால், தண்ணீர் தள்ளும்போது வளையம் நகர்ந்து எதிர்ச்சுவரில் அப்பிக்கொள்கிறது. ரப்பரை அழுத்தினால் அதன் பருமன் அநேகமாகக் குறைவதில்லை, உருவம்தான் மாறுகிறது. கெட்டியான திரவம் மாதிரி, கிடைத்த இடுக்கை நிரப்பும். ஆக அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். கசியவைக்க வந்த தண்ணீரையே காவலுக்கு நிறுத்திவிட்டார் கிழவர்.

இரண்டு வேலையும் பிரிந்து நிற்பதைப் பார்க்க அருங்காட்சியகம் வேண்டாம், அடுப்படி போதும். தண்ணீர் ஃபில்டருக்குப் பின்னால் போகும் விரல் தடிமன்கூட இல்லாத வெள்ளைக் குழாயைக் கவனியுங்கள். தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் வராது. உள்ளே சாய்வான பற்கள் கொண்ட வளையம் ஒன்று இருக்கிறது. இழுக்க இழுக்க அந்தப் பற்கள் குழாயைக் கடிக்கின்றன. வெளியே தெரியும் சின்ன வளையத்தை விரலால் அமுக்கினால் பற்கள் விரிந்து குழாயை விட்டுவிடும். பற்களுக்கு உள்ளே, தண்ணீர்ப் பக்கமாக, ஓ ரிங் தன்பாட்டுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை.

அந்த ரப்பருக்கும் நமக்கும் உறவு இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. என் பாட்டி தலைமுறை விடியுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பால் வெட்டியது. அடுத்த ஊரில் பம்பு மண்ணை உறிஞ்சியது. ஒரே மாநிலத்தின் இரண்டு தொழில்கள். ஈயம் 1985 அக்டோபரில், அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தபோது விழுந்தது. குட்டைகள் மிஞ்சின. அதெல்லாம் தனிக்கதை.

இனி பிள்ளையின் மாதிரி. ஓ ரிங்குக்குப் பிவிசியில் பள்ளம் கடைய எங்களிடம் கடைசல் இயந்திரம் இல்லை. ஆனால் கடைச் சாக்கெட்டின் நடுவில், குழாய் மேற்கொண்டு போகாதபடி ஒரு சிறு வரம்பு உண்டு. அங்கே தட்டையான ரப்பர் வளையத்தைப் போட்டுக் குழாயின் முனையால் அழுத்தினால் அடைப்பு ஆயிற்று. பிடிப்புக்குப் பழைய மஞ்சள் பல்பின் வழி: சாக்கெட் சுவரில் எதிரெதிராக இரண்டு கொக்கி வடிவப் பிளவுகள், குழாயில் இரண்டு குமிழ்கள். தள்ளு, திருப்பு, விடு. அமுங்கிய ரப்பர் திருப்பித் தள்ளுவதால் குமிழ் கொக்கியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேட்க எளிது. முதல் இடைஞ்சல், குழாய் பாதியிலேயே நின்றுவிட்டது. ஒட்டுவதற்கென்று செய்த சாக்கெட் உள்ளே போகப் போகச் சற்றுக் குறுகும். பசை தடவும்போது இறுகவேண்டும் என்பதற்காகவே அப்படி வார்க்கிறார்கள். உப்புத்தாளால் குழாய் முனையைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினோம். இரண்டாவது என் தவறு. குமிழுக்குத் திருகாணியை முடுக்கினேன். மூட்டு ஒழுகவில்லை, ஆணித்துளை ஒழுகியது. குழாயின் உள்ளே தண்ணீர் இருக்கும் என்பதை மறந்த பொறியாளன் நான்! ஆணியைப் பிடுங்கிவிட்டு, வேறொரு சாக்கெட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர்த் துண்டுகளை அறுத்துக் குழாயின் வெளியே பிவிசி பசையால் ஒட்டினோம். சாக்கெட்டின் உள்வளைவும் குழாயின் வெளிவளைவும் ஒன்றுதானே. பொருத்திச் செய்ததுபோல உட்கார்ந்தது. கழலவே கூடாத இடத்துக்குக் கழலாத ஒட்டு.

மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் கசிவு. இரண்டு குமிழும் நேர் எதிரே இல்லை, அதனால் ரப்பர் ஒரு பக்கம் அதிகம் அமுங்கி மறுபக்கம் தளர்ந்தது. இதைப் பிள்ளைதான் தீர்த்தாள். குழாயைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி, முனைகள் சேருமிடத்தில் வெட்டி, இரண்டாக மடித்தாள். 84 மில்லிமீட்டர்ப் பட்டையில் மடிப்பு 42இல். மடிப்புக்கு ஒரு குமிழ், முனைக்கு ஒரு குமிழ். கோணமானி தேவைப்படவில்லை.

ரப்பர் வளையத்துக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டிப் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டர்த் தடிமன்தான். எங்கள் கையறுப்பின் கோணல்களை அதனால் நிரப்ப முடியவில்லை. அடுத்து, அறுந்து கிடந்த ஜப்பான் சிலிப்பர். உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த நுரை. கோணலுக்குத் தக்கபடி வளைந்து கொடுத்தது, சொட்டு விழவில்லை. வழுக்கி உள்ளே போகப் பாத்திரம் கழுவும் சோப்புத்தண்ணீர். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம் என்று தோன்றும், கூடாது. எண்ணெயைக் குடித்து ரப்பர் ஊதி, நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். குழாயை நெருப்பில் காட்டி வாய் அகட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். கருகினால் வருவது அமில ஆவி. அந்த யோசனை அங்கேயே நின்றது.

எட்டு மூட்டு. கழற்ற ஒரு நிமிடம், பூட்ட இரண்டு நிமிடம். இந்த வசதியால் எதிர்பாராத ஆதாயமும் வந்தது. மணல் எங்கே அடைத்தாலும் அந்தத் துண்டை மட்டும் கழற்றி உதறிவிட்டு மாட்டலாம். நீளத்தைக் கூட்டிக் குறைத்து, சாய்வை மாற்றி, இரும்புத்தூள் எந்தச் சாய்வில் அதிகம் தங்குகிறது என்று ஒரே மாலையில் ஆறு தடவை ஓட்டினாள். ஒட்டியிருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். ஒரே ஒரு முறை வாளிக் குழாயை மூடாமல் மூட்டைத் திருப்பிவிட்டாள். சட்டை முழுக்கச் செந்தண்ணீர். அதற்குப் பிறகு நான் எச்சரிக்கவேண்டி வரவில்லை.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது பூட்டிவைத்த மூட்டுகள் மறுபடி கசிந்தன. பிரித்துப் பார்த்தால் சிலிப்பர் வளையங்கள் அமுங்கியது அமுங்கியபடி தட்டையாகக் கிடந்தன. நாட்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் நுரை மீண்டு எழுவதில்லை. நல்ல ரப்பருக்குக்கூட நாளடைவில் இந்தக் களைப்பு உண்டு. ஓட்டம் முடிந்ததும் மூட்டுகளை எல்லாம் தளர்த்திவைப்பது என்று முடிவாயிற்று. கழலும் இணைப்பாயிற்றே, அதில் சிரமம் ஒன்றுமில்லை. புது வளையங்களுக்குத்தான் வலதுகால் சிலிப்பரில் இடமில்லை. பிள்ளை இடதுகால் சிலிப்பரை எடுத்துவந்தாள். அது அறுந்திருக்கவில்லை; என்னுடையது.