தேர்ச் சட்டமும் வாய்ச்சியும்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை மாதத்து விருப்பன் திருநாளில் வடம் பிடிக்கக் கூடுகிற ஜனங்கள், அலங்காரத் துணிகளுக்குள்ளே மறைந்து நின்று அத்தனை பாரத்தையும் தாங்குகிற மரச் சட்டங்களைப் பற்றி நினைப்பது அபூர்வம். தமிழ்நாட்டுத் தேர்களுக்குப் பெரும்பாலும் இலுப்பை மரத்தையே உகந்ததாகக் கொள்வார்கள். வெயிலும் மழையும் அதை எளிதில் கெடுப்பதில்லை.

இயந்திர வாள் வருமுன், அடிமரத்தைக் கட்டைகளின்மேல் அசையாமல் இருத்தி, செங்காவியில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்ட தச்சர், அக்கோட்டின் ஆழம் வரையில் கோடாலியால் இடைவிட்டு இடைவிட்டு வெட்டுவாய்கள் இட்டு, நடுவே நிற்கும் துண்டங்களை நார் ஓடும் திசையிலேயே பிளந்து தள்ளி, மிச்சத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சமன் செய்வார். வாய்ச்சி அவருடைய பாதத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் விழும். கவனம் சற்றே பிசகினால் கால் போயிற்று. வாளுக்கு நாரின் போக்கு ஒரு பொருட்டன்று, நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போய்விடும். கோடாலியோ நாரை அனுசரிக்கிறது, ஆகவே நேரான மரத்தில் செதுக்கிய சட்டத்திலே நார் அறுபடுவது குறைவு. பிரயாசையும் மரச் சேதமும் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அறுவை மில்லில்தான் சதுரம் எடுக்கிறார்கள். தமிழகத்தின் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. துளையும் கழுந்துமாகிய மூட்டுகள் மாத்திரம் இன்னும் பெரும்பாலும் உளியையும் கொட்டாப்புளியையும் நம்பியே இருக்கின்றன.