யால பயணம்: ரூம் வாடகை மட்டும் கணக்கல்ல

கடை நடத்துகிற நமக்கு வருடத்தில் கிடைக்கிற ஓய்வு நாலைந்து நாட்கள்தான். அதில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யால பார்க்கப் போகிறவர்கள் நம்மில் பலர். சாமான் வாங்கும்போது ஒரு ரூபாவுக்கும் கணக்குப் பார்க்கிற நாம், தங்குமிடம் எடுக்கும்போது மட்டும் ரூம் வாடகையை மாத்திரம் கேட்டுவிட்டு முடிவெடுத்து விடுகிறோம். அதனால் நானே ஒருமுறை நட்டப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் மலிவு என்று கதிர்காமத்தில் இரண்டு ரூம் எடுத்தேன். மிச்சம் 6,000 ரூபா. ஜீப்பைப் பேசியதோ திஸ்ஸமஹாராமவில், பலடுபான வாயிலால் போவதற்கு. ஸுபஹ் தொழுதுவிட்டு, பிள்ளைகளை எழுப்பி, திஸ்ஸ வந்து ஜீப் ஏறி, வாயிலில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து உள்ளே போகும்போது ஏழரை மணி. வெயில் ஏறிவிட்டது. மானும் மயிலும் பார்த்தோம், சிறுத்தையைக் காணவில்லை. "வாப்பா, புலி எங்கே?" என்று சின்ன மகன் வழி நெடுகக் கேட்டான். பின்னேரம் இன்னொரு ஜீப் பிடித்துப் போனோம். அதற்குக் கொடுத்த காசு, மிச்சம் பிடித்த 6,000 ரூபாவைவிடக் கூட. தவறு ஹோட்டல்காரருடையதல்ல, என்னுடையது.

விசயம் இதுதான். யால 1938ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏறக்குறைய 979 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஐந்து வலயங்கள். சிறுத்தைக்குப் பேர்போனது முதலாம் வலயம். வாயில் திறப்பது விடியற்காலையில், பின்னேரம் 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மிருகங்கள் நன்றாக நடமாடுவது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த முதல் இரண்டு மணித்தியாலத்தை. ரூம் அதற்கு உதவ வேண்டும்.

இனி இடங்களைப் பார்ப்போம்.

திஸ்ஸமஹாராம: எல்லா விலையிலும் ரூம் உண்டு. கடைகள், ஜீப்காரர்கள் எல்லாம் பக்கத்தில். ஆனால் பலடுபான வாயில் 20 கிலோமீற்றருக்கு மேல். ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். பெரிய குடும்பத்துக்கும் அளவான கையிருப்புக்கும் இது பொருத்தம்.

கிரிந்த: திஸ்ஸவுக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம். மலாய் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர். தொழுகை, ஹலால் சாப்பாடு பற்றிய கவலை குறைவு. கடல் அழகு, ஆனால் அலை கடுமை. பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

பலடுபான பகுதி: வாயிலுக்கு மிகக் கிட்ட, விலையும் அதிகம். அநேகமாகச் சாப்பாட்டையும் சேர்த்தே விலை சொல்வார்கள். சமையலறை எப்படி என்று முன்கூட்டியே கேளுங்கள். இரவில் யானை வரக்கூடிய இடம், ஆகையால் இருட்டில் ஊழியர் துணையில்லாமல் வெளியே நடக்க வேண்டாம்.

கதிர்காமம்: கடகமுவ வாயிலால் முதலாம் வலயத்துக்குப் போகவோ, புத்தல வீதியிலுள்ள கல்கே வாயிலால் மூன்றாம் வலயத்துக்குப் போகவோ இதுதான் வசதி. பலடுபானவால் போவதென்றால் வேண்டாம். எசல உற்சவ காலத்தில் ரூம் கிடைப்பதும் கஷ்டம்.

வனத்துக்குள்ளே: வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்கள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். உள்ளே கடை இல்லை. அரிசி முதல் உப்பு வரை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அங்குள்ள சமையல்காரர் சமைத்துத் தருவார். நமக்கு இது ஒரு வசதியும்கூட: நம் இறைச்சி, நம் சாமான், சந்தேகத்துக்கு இடமில்லை. சட்டி பானையையும் கொண்டுபோனால் இன்னும் நிம்மதி.

இப்போது கணக்குக்கு வருவோம். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருடையதைவிட மிகக் குறைவு. ஆகவே நமக்குப் பெரிய செலவு ஜீப்தான். அதன் வாடகை ஆள் கணக்கில்லை, வண்டிக் கணக்கு. ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான், மூன்று பேர் போனால் இரட்டிப்பு. ஹோட்டல் மூலமாக ஜீப் எடுத்தால் தரகும் அதற்குள் இருக்கலாம். ரூமுக்கு எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

காசு கட்டுமுன் ஐந்து கேள்விகள்: ஜீப் எந்த வாயிலால் போகும்? எத்தனை மணிக்கு ரூம் வாசலுக்கு வரும்? காலைச் சாப்பாட்டைப் பார்சலாகத் தருவார்களா? ஹலால் எப்படி? நம் வேன் சாரதிக்குப் படுக்க இடம் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்து விடுகிறார்கள். இரவு தூங்காத சாரதியை நம்பி மறுநாள் கொழும்புக்குப் பிள்ளைகளோடு வருவது ஆபத்து.

காலத்தையும் பாருங்கள். பல வருடங்களில் செப்டம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சி காரணமாக முதலாம் வலயத்தை மூடியிருக்கிறார்கள். அக்காலத்தில் போவதானால் விசாரிக்காமல் முற்பணம் கட்டாதீர்கள். பாலைப் பழம் பழுக்கும் மே முதல் ஜூலை வரை கரடி காணும் வாய்ப்பும் கூடுதல்.

கொழும்பில் வாங்கும் விலையை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் இலாபம் எழுதுவதில்லை. லொறிக் கூலி, ஏற்று கூலி, உடைவு எல்லாம் சேர்த்து, கடைக்கு வந்து சேருகிற விலைதான் உண்மையான விலை. ரூமும் அப்படித்தான். வாடகை, ஜீப், சாப்பாடு, போகிற நேரம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கூட்டுங்கள். சில வேளை 3,000 ரூபா கூடிய ரூம்தான் மலிவாக முடியும். சிறுத்தை கண்ணில் படுவது அல்லாஹ்வின் நாட்டம். நேரத்துக்கு வாயிலில் நிற்பது நம் கையில்.