ஒலி இழந்த பெருக்கி

அறுவடை முடிந்து களங்கள் வெறுமையானதும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் திருவிழாக் காலம் தொடங்கும். மாசி முதல் ஆடி வரையில் ஏதேனும் ஓர் ஊரில் தேரோட்டமோ தீமிதியோ நடந்துகொண்டே இருக்கும். இரவு வந்ததும் கோயில் திடலில் மேடை எழும். நாடகம், கரகாட்டம், மெல்லிசை என ஊரார் விரும்பும் கலைகள் அங்கே நிகழும். ஓர் ஊரில் பாடிய குழுவினர், விடியுமுன் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவர்.

அத்தகைய மெல்லிசைக் குழு ஒன்று பெரம்பலூரிலிருந்து பயணம் புறப்பட இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அரியலூர், மறுநாள் செந்துறை, அதற்கடுத்து ஜெயங்கொண்டம், இறுதியாகக் கங்கைகொண்ட சோழபுரம். பொழுது விடிந்தால் வண்டி வந்துவிடும். கித்தார் வாசிப்பவர் தம் பெருக்கியை ஒருமுறை இயக்கிப் பார்க்கிறார். ஓசை எழவில்லை. முன்பணம் வாங்கியாயிற்று. பெருக்கி ஊமையானால் குழுவினரின் ஊதியம் போகும். ஊரார் வைத்த நம்பிக்கையும் போகும். அவர் என்ன செய்தல் வேண்டும்? பெட்டியைத் தட்டிப் பார்ப்பதா? திருகுகளைக் கழற்றிக் கையை உள்ளே விடுவதா? இரண்டும் தகா. பொறி இயங்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதன் பழுதைக் காண்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை அறிந்தவனுக்கு ஒலி இழந்த பெருக்கியும் தன் குறையைத் தானே சொல்லும்.

முதலில் அது வேலை செய்யும் முறையை அறிவோம். கித்தாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின் அலை ஒன்று பிறக்கிறது. ஒரு வோல்ட்டின் சிறு பகுதியே ஆகிய அவ்வலையால் ஸ்பீக்கரை அசைக்க இயலாது. அதனைப் பன்மடங்கு வலிமையாக்குவதே பெருக்கியின் தொழில்.

அத்தொழிலைச் செய்வது வால்வு என்னும் கண்ணாடிக் குழல். அதனுள் காற்று நீக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இழை சூடேறியதும் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரேயுள்ள நேர்மின்வாயை நோக்கி விரையும். 1904ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிளமிங் இரண்டு மின்வாய்கள் உடைய குழலைச் செய்தார். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான டி பாரஸ்ட் அவ்விரண்டிற்கும் இடையே மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்தார். அவ்வலையே பெருக்கலுக்கு வழி திறந்தது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே இராசேந்திர சோழன் அமைத்த சோழகங்கம் என்னும் பேரேரியை அறிவீர்கள். ஏரியில் நிற்பது பெருநீர். அதன் மதகுப் பலகையை அசைப்பவனோ ஒரு மனிதன். அவன் கை சிறிது உயர்ந்தால் வாய்க்காலில் வெள்ளம் பாயும். சிறிது தாழ்ந்தால் நீர் ஒடுங்கும். வால்வினுள் இருக்கும் வலை மதகுப் பலகை போன்றது. கித்தாரின் சிற்றலை அதனை அசைக்கும் கை. ஏரிநீர் போல நிற்பது 300 முதல் 450 வோல்ட் வரையிலான உயர் மின்னழுத்தம். சிறு கையசைவுக்கு ஏற்பப் பெரிய மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அதுவே ஸ்பீக்கரில் இசையாக ஒலிக்கிறது.

1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், வானொலிப் பெட்டிகளிலிருந்தும் மைக் செட்டுகளிலிருந்தும் வால்வுகள் மெல்ல மறைந்தன. ஆயினும் கித்தார் வாசிப்போர் பலர் இன்றும் வால்வுப் பெருக்கியையே நாடுகின்றனர். எல்லை கடந்து ஒலிக்கும்போதும் அதன் குரல் செவிக்கு இனிதாக இருப்பதே அதற்குக் காரணம்.

இனி, பழுதைக் காணும் முறைக்கு வருவோம். மின்சாரம் சுவரிலிருந்து பெருக்கிக்குள் வருகிறது. இசை கித்தாரிலிருந்து பெருக்கிக்குள் வருகிறது. இவ்விரு வழிகளில் எங்கோ ஓரிடத்தில் தடை ஏற்பட்டுள்ளது. அவ்விடம் எது என்பதை அறிய மூன்று வினாக்கள் போதும். விளக்கு எரிகிறதா? வால்வுகள் ஒளிர்கின்றனவா? ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சலேனும் கேட்கிறதா?

விளக்கும் எரியவில்லை, வால்வும் ஒளிரவில்லை என்றால் மின்சாரமே உள்ளே வரவில்லை என்பது பொருள். அந்நிலையில் பெருக்கியைக் குறைகூறுமுன் சுவரிலுள்ள பிளக் பாயிண்டை ஐயுறுக. அதில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் உண்மை தெரியும். அடுத்து, மின்கம்பி நசுங்கியுள்ளதா என்று நோக்குக. அதன் பிறகே பியூஸைக் காண வேண்டும். அதற்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதல் இன்றியமையாதது.

பியூஸ் எரிந்துபோதல் நோயன்று, நோயின் அறிகுறி. அதே அளவுள்ள புதிய பியூஸை ஒருமுறை இடலாம். அதுவும் உடனே எரிந்துவிட்டால் அங்கே நின்றுவிட வேண்டும். தடித்த கம்பியையோ ஈயத்தாளையோ சுற்றி வைப்பவன், காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பவன் ஆவான். மின்மாற்றி எரியும், பெட்டியில் தீயும் பற்றும். தொழில் அறிந்தவர் இந்நிலையில் ஒரு குண்டு பல்பைப் பெருக்கியுடன் தொடரிணைப்பில் இணைத்துச் சோதிப்பர். அதனைச் சீரிஸ் லாம்ப் என்பர். இயக்கியதும் பல்பு பளிச்சென எரிந்து பின் மங்கினால் பெரும்பழுது இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்குவழியில் பாய்கிறது.

இரண்டாம் நிலை, விளக்கு எரிந்தும் சிறிது இரைச்சலும் இல்லாமை. முதலில் அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். இழைகள் சூடேறாமல் வால்வு வேலை செய்யாது. பின்னர், உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து வைக்கும் இரண்டாம் சுவிட்சு இருந்தால், அது திறந்திருக்கிறதா என்று காண்க. ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியையும் நோக்குக. ஆனால் அதனைத் தொடுமுன் பெருக்கியை நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கர் இணைக்கப்படாமல் வால்வுப் பெருக்கியை இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுப்போகும். அடுத்து வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒளிர, ஒன்று மட்டும் இருண்டிருந்தால் அதன் இழை அறுந்திருக்கலாம். வால்வின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று உண்டு. அது பால்போல் வெளுத்திருந்தால் குழலினுள் காற்றுப் புகுந்துவிட்டது என்று அறியலாம்; அந்த வால்வு இனி உதவாது.

மூன்றாம் நிலை, இரைச்சல் கேட்டும் இசை வாராமை. இது பெரும்பாலும் நல்ல செய்தியே. ஏரியில் நீர் உண்டு. மதகு வரை கை எட்டவில்லை. கித்தாரின் ஒலித்திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னர்க் கித்தாரையும் பெருக்கியையும் இணைக்கும் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். மேடையில் பலர் காலில் மிதிபடும் அக்கம்பியே பல வேளைகளில் குற்றவாளியாக இருக்கும். அதனாலும் பயனில்லையெனில் பெருக்கியை நிறுத்தி, வால்வுகள் ஆறிய பின், முன்பகுதியிலுள்ள சிறிய வால்வுகளை அதே எண்ணுடைய நல்ல வால்வுகளால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கினும் அது எதனால் நீங்கியது என்பது விளங்காது.

அரியலூரைச் சூழ்ந்த நிலம் சுண்ணாம்புக்கல் மிகுந்தது. அக்கல்லைச் சிமெண்டு ஆலைகளுக்குச் சுமந்து செல்லும் லாரிகள் ஓடும் சாலைகளில் தூசியும் குலுக்கலும் மிகுதி. அவ்வழியே சென்று வந்த பெருக்கியில் வால்வு தன் குழியிலிருந்து சற்று எழும்பியிருப்பதும், இணைப்புகளில் தூசி படிந்திருப்பதும் வியப்பன்று. வால்வை நேராக அழுத்திப் பொருத்தியதும் ஊமைப் பெருக்கி பேசத் தொடங்குவதும் உண்டு.

இவ்வளவும் பெட்டியின் அடித்தட்டைத் திறவாமல் செய்யத்தக்கவை. அதற்கு மேற்பட்டது பயிற்சி பெற்றவரின் பணி. காரணம் என்ன? வாய்க்காலை அடைத்த பின்னும் ஏரியில் நீர் நிற்பதுபோல, மின்கம்பியைக் கழற்றிய பின்னும் பெருக்கியிலுள்ள பெரிய மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். இணைப்பில்லாத பெட்டிதானே என்று கையை விட்டவரின் உயிரையும் அது பறிக்கவல்லது. தொழில் அறிந்தவர் தக்க மின்தடை ஒன்றின் வழியாக அதனை வடித்து, அளவுமானியால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைப்பர்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பிளக்கிலுள்ள மூன்றாம் முனை எர்த் எனப்படும் நில இணைப்புக்குரியது. இரைச்சல் குறையும் என்றோ, துளை பொருந்தவில்லை என்றோ சிலர் அதனை வெட்டிவிடுகின்றனர். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார் கலைஞர், ஒரு கையில் கித்தார்க் கம்பிகளைப் பற்றியவாறே நில இணைப்புச் சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டார். மின்சாரம் அவர் உடல்வழியே பாய்ந்தது. மேடையிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. ஈரமான கோயில் திடலில், அவசரமாகக் கட்டிய மேடையில் பாடும் நம் கலைஞர்கள் இதனை ஒருபோதும் மறத்தல் ஆகாது.

பழுது நீங்கியதும் உடனே வண்டியில் ஏற்றிவிடலாகாது. ஒரு மணி நேரமாவது பெருக்கியை வாசித்துப் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னரே தலைகாட்டும் குறைகளும் உண்டு. மாற்று பியூஸ்கள், ஒரு தொகுதி வால்வுகள், இரண்டு இணைப்புக் கம்பிகள், ஒரு கைவிளக்கு ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொள்ளுதல் நலம். எந்தக் குழியில் எந்த எண்ணுள்ள வால்வு என்பதை ஒரு தாளில் எழிதி, பெருக்கியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால் நள்ளிரவில் தடுமாற வேண்டியதில்லை.

மாணவர்களே! நம் கித்தார்க் கலைஞரிடம் மீண்டும் செல்வோம். அவர் பெட்டியைத் தட்டவில்லை. விளக்கு எரிவதைக் கண்டார்; வால்வுகள் ஒளிர்வதைக் கண்டார்; ஸ்பீக்கரின் அருகே செவியைச் சாய்த்து மெல்லிய இரைச்சலைக் கேட்டார். கித்தாரின் ஒலித்திருகை நோக்கிவிட்டு, இணைப்புக் கம்பியை மாற்றினார். இசை எழுந்தது. கால் மணி நேரத்தில் முடிந்த வேலை அது. அஞ்சித் திருகுகளைக் கழற்றியிருந்தால் இரவெல்லாம் உழன்றிருப்பார். உயிருக்கும் ஊறு நேர்ந்திருக்கலாம். எளியதை முதலில் ஐயுறுதல், ஒவ்வொன்றாக ஆராய்தல், தன் எல்லை எதுவென அறிந்து நிற்றல் ஆகிய இம்மூன்றும் பெருக்கிக்கு மட்டும் உரியன அல்ல. மிதிவண்டியாயினும் நீரேற்றும் பொறியாயினும் கணக்காயினும் பிழை காண்பதற்கு இவையே வழி.