கணினியில் சேமித்த கடவுச்சொற்களும் கம்பியில்லா இணைப்புகளும்

மேசைக் கணினியில் ஒருமுறை தட்டச்சிட்ட கடவுச்சொல்லை மறுமுறை கேட்காதிருக்க, இயங்குதளமும் உலாவியும் அதைச் சேமித்து வைக்கின்றன. வை-ஃபை இணைப்பின் கடவுச்சொல்லும் அவ்வாறே சேமிக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் இது வெறும் வசதி. முதலாளி, கணக்கர், கடைப் பணியாளர் என மூவர் மாறி மாறி அமரும் கணினியில், சேமித்த சொல் எங்கே இருக்கிறது, அதை யாரெல்லாம் பார்க்க முடியும் என்பது பணம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தை வைத்து இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

போடியில் கணினியின் இடம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள போடி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விரியும் ஏலமலைகளின் விளைச்சலுக்கு நெடுங்காலச் சந்தை. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் (ஸ்பைசஸ் போர்டு) மின்னணு ஏல மையங்கள் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் உள்ளன. ஏலம் நடத்துவோரும் அதில் வாங்கும் வணிகரும் வாரியத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இரு மையங்களையும் ஒரே நேரத்தில் இணைக்கும் மேகக் கணிமை வழி ஏலம் 2021இல் வந்தபின், மலையேறிப் போகாமலே மறுபக்கத்து ஏலத்தில் விலை கேட்க வழி பிறந்தது.

ஏல மையத்தின் கணினிகள் ஒருபுறமிருக்க, கடையின் சொந்தக் கணினியே இங்குப் பேசப்படுகிறது. இணைய வங்கி, ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதிலேயே திறக்கப்படும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். ஏலக்காய் கிலோ 1,000 ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் 50 கிலோ மூட்டை ஒன்றே அந்த வரம்பைக் கடந்துவிடும். ஆகவே அந்தத் தளத்தின் கடவுச்சொல் அன்றாடம் தேவைப்படும் பொருள். அதனாலேயே உலாவியில் சேமித்து வைக்கப்படும் பொருளும் கூட.

சாவிக்கொத்து

லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள க்னோம் மேசைத்தளம், கடவுச்சொற்களை 'சாவிக்கொத்து' எனப்படும் மறையாக்கக் கோப்பில் வைக்கிறது. மேக் கணினியில் இதற்குக் கீசெயின் என்றும், விண்டோசில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்றும் பெயர். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் தரப்பட்டது. அதைத் திறந்து பார்த்த மாணவர்களுக்குச் சாவிக்கொத்தின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி பழக்கமானதாக இருக்கலாம்.

அந்தப் பெட்டி தோன்றுவதற்குக் காரணம் எளிது. பயனர் தன் கடவுச்சொல்லைத் தந்து கணினியில் நுழையும்போது, அதே சொல்லால் சாவிக்கொத்தும் திறந்துகொள்கிறது. கடவுச்சொல் கேட்காமல் தானே நுழையும்படி அமைத்துவிட்டால், கொத்தைத் திறக்கக் கணினியிடம் சொல் ஏதுமில்லை. எனவே தனியாகக் கேட்கிறது. இந்தத் தொல்லை தாங்காமல் பலர் சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டுவிடுவர். அப்போது உள்ளிருக்கும் அனைத்தும் மறையாக்கம் இன்றி வட்டில் எழுதப்படும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுபவர் எவரும் படித்துவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயனர் தன் நுழைவுச் சொல்லை மறந்து, நிர்வாகி அதை மாற்றிக் கொடுத்தால், சாவிக்கொத்து பழைய சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். பழையது நினைவில் இல்லையெனில் கொத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். இது கோளாறு அன்று. நிர்வாகியே ஆனாலும் பிறர் கடவுச்சொற்களைப் படித்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு.

ஆனால் திறந்த கொத்து, அந்தக் கணக்கில் அமர்ந்திருக்கும் எவருக்கும் திறந்த கொத்தே. கடையில் உள்ள அனைவரும் ஒரே பயனர் கணக்கில் வேலை செய்தால் மறையாக்கத்தால் பயனில்லை. ஃபயர்பாக்சில் முதன்மைக் கடவுச்சொல் அமைக்காவிட்டால், சேமித்தவை அனைத்தையும் அமைப்புகள் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். விண்டோசில் குரோம் உலாவி கடவுச்சொல்லைக் காட்டுமுன் கணினியின் பின் எண்ணைக் கேட்கும்; அந்த எண் கடை முழுவதும் தெரிந்ததாக இருப்பதே வழக்கம். ஆளுக்கொரு பயனர் கணக்கு, நிர்வாகி உரிமை ஒருவருக்கு மட்டும் என்பதே சரியான ஏற்பாடு. இது சில நிமிட வேலை; கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் சேர்ப்பதைவிடப் பல மடங்கு பயன் தருவது.

வை-ஃபை கடவுச்சொல் இருக்கும் இடம்

லினக்சில் வை-ஃபை இணைப்புகளை நெட்வொர்க்மேனேஜர் கவனிக்கிறது. அது கடவுச்சொல்லை இரண்டில் ஓரிடத்தில் வைக்கும். 'எல்லாப் பயனருக்கும்' எனத் தேர்ந்தால், நிர்வாகி மட்டுமே படிக்கக்கூடிய கணினிக் கோப்பில் வெற்றெழுத்தாக இருக்கும். 'இந்தப் பயனருக்கு மட்டும்' எனத் தேர்ந்தால் சாவிக்கொத்துக்குள் போகும்.

மின்தடையின்போது இரண்டுக்குமான வேறுபாடு தெரியவரும். மின்சாரம் திரும்பிக் கணினி தானே எழும்போது, முதல் வகை அமைப்பில் யாரும் நுழையுமுன்பே இணையம் கிடைத்துவிடும். இரண்டாம் வகையில், உரியவர் வந்து நுழையும்வரை கணினி இணைப்பின்றிக் காத்திருக்கும். மலைமேல் தோட்டத்து அலுவலகக் கணினியைப் போடியிலிருந்து தொலைவழி இயக்குபவருக்கு முதல் வகையே பொருந்தும். பலர் புழங்கும் இடத்தில் இரண்டாவது நல்லது.

விண்டோசில் நிர்வாகி உரிமை உள்ளவர், சேமித்த வை-ஃபை கடவுச்சொல்லை வெற்றெழுத்தாகக் காண முடியும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் அதைக் கியூஆர் குறியாகக் காட்டுகின்றன. எனவே சொல்லை வெளியே சொல்லாமல் தாமே தட்டச்சிட்டு இணைத்துக் கொடுப்பதால் அது இரகசியமாக இருந்துவிடாது. வந்து போவோருக்கு ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக ஒன்று அமைப்பதே முறை.

கடவுச்சொல் இல்லாத திறந்த இணைப்புகள் வேறுவகை ஆபத்து. பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ ஒருமுறை இணைத்ததைக் கணினி பெயரால் நினைவில் வைத்திருக்கும். தானாக இணைய அனுமதித்திருந்தால், அதே பெயரில் வேறொருவர் திறந்த இணைப்பை வைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். சேமித்த பட்டியலிலிருந்து இவற்றை நீக்கிவிட வேண்டும். பாதுகாப்பு முறையில் 2004இல் வந்த டபிள்யூபிஏ2 குறைந்தபட்சம். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 ரவுட்டரில் இருந்தால் அதுவே மேல்.

இணைப்பு விட்டுவிட்டு வருவதற்குக் கடவுச்சொல்லைக் குறை சொல்வதும் உண்டு. ஏலச்செடி மர நிழலில் வளர்வது. ஈர இலைகள் வானொலி அலைகளை உறிஞ்சும். வீட்டுக்கும் காய் உலர்த்தும் கூடத்துக்கும் நடுவே மரங்கள் அடர்ந்திருந்தால், 5 கிகாஹெர்ட்சைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தூரம் எட்டும். கணினிப் பெட்டியின் பின்பக்கம் செருகிய வை-ஃபை குச்சியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசைமேல் வைத்தாலே சில வேளை சரியாகிவிடும்.

பணியாளர் விலகும்போது

கணினியில் ஓர் இணைப்பை 'மறந்துவிடு' என்று கட்டளையிட்டால், அந்தக் கணினி மட்டுமே மறக்கும். விலகியவரின் கைப்பேசியில் உள்ள சொல் அப்படியே செல்லும். ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றினால்தான் பழையது செத்துப்போகும். அதன்பின் அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா உட்பட ஒவ்வொன்றிலும் புதியதைத் தட்டச்சிட வேண்டும். உலாவியில் சேமித்தவற்றுக்கும் இதுவே விதி: அழித்தால் போதாது, அந்தந்தத் தளத்திலேயே மாற்ற வேண்டும். இணைய வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில் தளங்களில் பதிந்த கைப்பேசி எண் விலகியவருடையதாக இருந்தால் ஓ.டி.பி. அவருக்கே போகும் என்பதால், எண்ணையும் அன்றே மாற்ற வேண்டும்.

பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றம். பணம் போயிருந்தால் முதலில் அழைக்க வேண்டிய எண் 1930. முறையீடு எவ்வளவு விரைவாகப் போகிறதோ, பணம் சென்ற கணக்கை முடக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதல்.