விமானம் மாறுவது எந்த ஊரில்?
மலிவு டிக்கெட்டில் மறைந்திருக்கும் செலவு

மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குப் பிரசவ நேரம். செம்பூரிலும் மாதுங்காவிலும் தானாவிலும் இருக்கும் பெற்றோர் முதல் முறையாகக் கடல் தாண்டிப் புறப்படுகிறார்கள். தாராவியில் இன்னொரு வீட்டில், பையன் கனடாவுக்குப் படிக்கப் போகிறான். மும்பைத் தமிழர் வீடுகளில் இது இன்று சாதாரணக் காட்சி.

டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது விலையை. அடுத்தபடியாகப் பார்ப்பது தேதியை. விமானம் எந்த ஊரில் மாற வேண்டும், அங்கே என்ன நிலைமை என்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஆனால் நீண்ட பயணத்தில் சங்கடம் வருவது பெரும்பாலும் அந்த நடு ஊரில்தான். விலையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் அங்கே பல மடங்காகக் கரைந்துபோவது உண்டு.

சென்ட்ரலும் எழும்பூரும்

வண்டி மாறும் தொல்லை மும்பைத் தமிழர்களுக்குப் புதியது அல்ல. தெற்கே மீட்டர் கேஜ் பாதை இருந்த காலத்தில், நெல்லைச் சீமைக்குப் போகிறவர்கள் மெட்ராஸ் மெயிலில் சென்று சென்ட்ரலில் இறங்குவார்கள். ஊருக்குப் போகும் ரயிலோ எழும்பூரில் நிற்கும். டிரங்குப் பெட்டியையும் பிள்ளைகுட்டிகளையும் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். மெயில் தாமதமானால் எழும்பூர் வண்டி காத்திருக்காது.

அன்று வண்டி தவறினால், பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு மறுநாள் போகலாம். வெளிநாட்டு விமான நிலையத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. விசா வேண்டும். புது டிக்கெட்டுக்கு அன்றைய விலை கொடுக்க வேண்டும். மொழி தெரியாத இடத்தில் இரவைக் கழிக்க வேண்டும்.

முதலில் பூகோளம்

மாறும் ஊர், போகிற ஊருக்கு வழியில் இருக்க வேண்டும். மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்வழியில் சுமார் 12,500 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் சுமார் 12,950 கிலோமீட்டர். கூடுதல் தூரம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர்தான். அமெரிக்கா போகிறவர்களுக்கு வளைகுடா நாடுகள் வழி வசதியாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதே பயணத்தை சிங்கப்பூர் வழியாகச் செய்தால் 19,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவுக்குக் கணக்கு தலைகீழ். மும்பையிலிருந்து மெல்போர்னுக்கு நேர்வழி சுமார் 9,800 கிலோமீட்டர். சிங்கப்பூரில் மாறினால் சுமார் 9,950 கிலோமீட்டர். துபாய் சென்று மாறினால் 13,500 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

மிகவும் மலிவாக ஒரு டிக்கெட் கிடைத்தால், அது சுற்று வழியா என்று உலகப் படத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சுற்று வழி என்றால் உடம்புக்கு அலுப்பு அதிகம்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

மும்பையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் இருந்தால், அது ஒரே பயணம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் தவறிவிட்டால், அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டியது விமானக் கம்பெனியின் பொறுப்பு. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெட்டிகளும் பொதுவாகக் கடைசி ஊர் வரை போகும்.

மும்பை முதல் துபாய் வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி என்று தனித்தனி எண்களில் டிக்கெட் எடுத்தால், அவை இரண்டு பயணங்கள். முதல் விமானம் 5 மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. 'பயணி வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான். போகும் பயணத்துக்கு வராதவருக்குத் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடுவது உண்டு!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில இடங்களில் இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து, ஒரே விலையாக, ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரே டிக்கெட் போலவே இருக்கும். தாளில் எத்தனை பி.என்.ஆர். எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வெளியே வராவிட்டாலும் விசா

'விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை. விசா எதற்கு?' என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை.

துபாய், தோஹா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில், ஒரே டிக்கெட்டில் உள்ளேயே விமானம் மாறும் இந்தியப் பயணிக்குப் பொதுவாக விசா தேவைப்படுவதில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இடைவழி விசா கேட்கும் வழக்கம் உடையவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கனடா விசாவோ வைத்திருப்பவர்களுக்கு அவை விலக்கு அளிக்கின்றன.

எனவே, 'போன வருஷம் மாமா அந்த வழியாகத்தான் போனார், அவரை ஒன்றும் கேட்கவில்லை' என்பதை நம்பிப் புறப்படக் கூடாது. மாமாவின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்திருக்கும். திரும்பி வரும் நாளிலும் அந்த விசா செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் விதி இன்னும் கடுமை. விசா இல்லாமல் விமானம் மாறிச் செல்லும் சலுகையை அந்த நாடு 2003-ம் ஆண்டு நிறுத்திவிட்டது. அங்கே விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவருக்கும் விசா வேண்டும். கனடாவிலும் இந்தியர்களுக்கு இடைவழி விசா உண்டு.

இரண்டு தனி டிக்கெட் எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்போது அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவே தேவைப்படும். அது இல்லை என்றால் மும்பையிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே சரியான வழி.

ஒரு ஊர், இரண்டு நிலையங்கள்

ஊர் பெயர் ஒன்றாக இருந்தால் விமான நிலையமும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனில் ஹீத்ரோ, காட்விக் என்று தனித்தனி நிலையங்கள். இஸ்தான்புல்லில் ஒரு நிலையம் ஐரோப்பியப் பக்கம். சபிஹா கோக்சென் என்ற மற்றொரு நிலையம் ஆசியப் பக்கம். துபாயிலும் பழைய நிலையத்தைத் தவிர அல் மக்தூம் என்று இன்னொன்று இருக்கிறது.

இந்தச் சிக்கல் மும்பைக்கும் வந்துவிட்டது. நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8-ந் தேதி திறக்கப்பட்டது. டிசம்பர் 25-ந் தேதி பயணிகள் விமானங்கள் தொடங்கின. ஊரிலிருந்து வரும் அம்மா நவி மும்பையில் இறங்கி, சகாரில் வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும் என்றால், இடையே நகரத்தின் போக்குவரத்து நெரிசல் முழுவதும் இருக்கிறது. டிக்கெட்டில் நிலையத்துக்கு மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும். சகார், சாந்தாகுருஸ் நிலையத்துக்கு பி.ஓ.எம்.; நவி மும்பைக்கு என்.எம்.ஐ. இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும் ஒரே குறியீடு இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

ஒரே நிலையத்துக்குள்ளும் கட்டடங்கள் பல உண்டு. ஹீத்ரோவில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பஸ்ஸில் போய், மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். 2024-ம் ஆண்டில் 9 கோடியே 23 லட்சம் பயணிகள் வந்துபோன துபாய் நிலையத்தில், இரண்டாவது டெர்மினல் ஓடுபாதைக்கு மறுபக்கம் தனியாக இருக்கிறது. 2014-ம் ஆண்டு திறக்கப்பட்ட தோஹா ஹமாத் நிலையமோ ஒரே கட்டடம். நடை அதிகம் என்றாலும் பஸ் ஏற வேண்டியது இல்லை. அங்கே நடுக்கூடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான பொம்மைக் கரடி இருக்கிறது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கரடி அருகே வந்து நிற்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை மணி நேரம்?

விமானம் மாறுவதற்குக் குறைந்தபட்ச நேரம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது வேகமாக நடக்கிறவர்களுக்கும் வழி தெரிந்தவர்களுக்கும் போதும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குப் போதாது. அவர்களுக்கு 3 மணி முதல் 4 மணி நேரம் இடைவெளி இருப்பது நல்லது. பதறாத காரியம் சிதறாது. சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதச் சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைப் பார்ப்பது போலவே, அது பகலா இரவா என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பிராங்பர்ட் நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானங்கள் புறப்படவோ இறங்கவோ 2011-ம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. அங்கே இரவின் கடைசி விமானம் தவறினால் விடியும் வரை காத்திருக்க வேண்டும். வளைகுடா நிலையங்கள் நடு இரவிலும் பட்டப்பகல் போல இயங்கும் வழக்கம் உடையவை.

அதே ஊருக்கு அதே நாளில் இன்னொரு விமானம் உண்டா என்பது அடுத்த கேள்வி. வாரத்துக்கு 3 நாள் மட்டுமே விமானம் போகும் ஊர் என்றால், ஒன்று தவறினால் இரண்டு நாள் போய்விடும்.

அமெரிக்கச் சோதனை எங்கே?

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாம். மகன் இருப்பது டல்லாஸ் என்றாலும், நியூயார்க்கில் மாறினால் அங்கேயே பெட்டிகளை எடுத்து, சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். எனவே இரண்டு இடத்தில் மாறுவதைவிட, நடு ஊரிலிருந்து மகன் இருக்கும் ஊருக்கே நேராகப் போகும் விமானம் உண்டா என்று பார்ப்பது உத்தமம்.

அபுதாபியில் 2014-ம் ஆண்டு முதல் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க அதிகாரிகளே அங்கு அமர்ந்து குடியேற்றச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடலாம். ஆனால் இந்தச் சோதனைக்காக அபுதாபியில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது நம் நாட்டிலும் பொதுவாக இதே முறைதான். டெல்லியில் இறங்கி மும்பை விமானம் பிடிக்கிறவர்கள், பெட்டியை டெல்லியிலேயே எடுத்துச் சுங்கச் சோதனை முடிக்க வேண்டியிருக்கும்.

ஊறுகாயும் கசகசாவும்

மாறும் நிலையத்தில் கைப்பை மீண்டும் சோதிக்கப்படும். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் இருந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அவற்றைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும்.

கசகசாவை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அங்கே அது போதைப் பொருளைச் சேர்ந்தது.

வானமே மூடினால்

எவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சில சமயம் நிலையமே முடங்கிவிடும். 2024 ஏப்ரல் 16-ந் தேதி பெய்த பெருமழையில் துபாய் ஓடுபாதையில் வெள்ளம் நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் நாள் கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூன் 23-ந் தேதி போர்ப் பதற்றத்தால் கத்தார் நாடு தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியது. தோஹா செல்லும் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

அந்த நேரத்தில் ஒரே டிக்கெட் வைத்திருந்தவருக்குக் கேட்பதற்கு ஒரு கம்பெனி இருந்தது. தனித்தனி டிக்கெட் வைத்திருந்தவர் யாரைக் கேட்பது? ஆகவே புறப்படும் வாரத்தில் அந்தப் பக்கத்துச் செய்திகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்று மருந்து, ஒரு செட் துணி, மகனின் தொலைபேசி எண் எழுதிய தாள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் ஆறு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

1. கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்தானா?

2. பெட்டி எந்த ஊரில் கைக்கு வரும்?

3. நடு ஊரில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா? திரும்பும்போதும் இதே வழியா?

4. இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையத்தில்தானா? எந்த டெர்மினல்?

5. இடைவெளி எத்தனை மணி நேரம்? பகலா, இரவா?

6. தவறினால் அடுத்த விமானம் எப்போது?

மும்பையில் பெட்டியை ஒப்படைக்கும்போது அதில் ஒட்டும் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசி ஊரின் மூன்று எழுத்து அதில் இருந்தால் பெட்டி அங்கே செல்லும். நடு ஊரின் எழுத்து இருந்தால், ஏன் என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மட்டும், சீட்டில் கடைசி ஊர் இருந்தாலும், அங்கே முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஆறு கேள்விகளுக்கும் திருப்தியான பதில் உள்ள டிக்கெட், சில ஆயிரம் ரூபாய் அதிகமாக இருக்கலாம். பிராவிடண்ட் பண்டு பணத்தை எடுத்து டிக்கெட் வாங்குகிற குடும்பத்துக்கு அந்தத் தொகை பெரியதுதான். ஆனால் விமானம் தவறிய இடத்தில் வாங்கும் புது டிக்கெட்டுக்கு எடுத்துக் கொடுக்க, அந்தக் குடும்பத்திடம் இன்னொரு பிராவிடண்ட் பண்டு கிடையாது.