ஒரு துப்பாக்கி, பல பிறந்தநாள்கள்

அமெரிக்காவில் பழைய பம்ப் துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வருவதுண்டு. குழலுக்கு அடியில் இருக்கும் தோட்டாக்குழாயில் நான்கு தோட்டா போகும் என்றார்களே, இரண்டுக்கு மேல் இறங்க மறுக்கிறதே, உள்ளே சுருள்வில் போய்விட்டதோ? குழாயின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு மரக்குச்சி இருக்கும். வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில், குழலில் ஒன்றும் குழாயில் இரண்டுமாக, மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்று 1935இல் விதி வந்தது. மிச்ச இடத்தை அடைக்கத்தான் அந்தக் குச்சி. பல நிறுவனங்கள் அதைப் போட்டேதான் விற்பனைக்கு அனுப்பின. வாங்கியவர்களில் பலர் கடைசிவரை குழாயைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

பழைய துப்பாக்கியை அடையாளம் காண்பதும் வயது கணிப்பதும் இப்படிப்பட்ட சில்லறைத் தடயங்களைச் சேர்க்கும் வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு பாகமும் தன் வயதைத் தனியாகச் சொல்லும், ஆனால் எல்லாம் ஒரே வயதைச் சொல்லாது. காரணம் புரிய, முதலில் இந்த எந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் சறுக்கும் கைப்பிடி ஒன்று இருக்கிறது. பின்னால் இழுத்தால் பூட்டு திறக்கும், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், உள்ளே சுத்தியல் மறுபடி விறைத்து நிற்கும். அடுத்த தோட்டா தோட்டாக்குழாயிலிருந்து ஒரு சிறு தட்டின் மேல் வந்து உட்காரும். முன்னால் தள்ளினால் தட்டு அதைத் தூக்கிக் கொடுக்க, தோட்டா குழலுக்குள் ஏறி, பின்வாசல் பூட்டிக்கொள்ளும். கைக்கு இரண்டே அசைவு. பயிற்சி உள்ளவர் இதை ஒரு நொடிக்குள் முடிப்பார்.

இத்தனையிலும் உயிர்நாடி பூட்டுதான். ஒரு வழக்கமான 12 போர் அளவுத் தோட்டா வெடிக்கும்போது எழக்கூடிய அழுத்தத்துக்கு அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இது முந்நூறு மடங்குக்கும் அதிகம். அந்த நேரத்தில் பின்வாசல் திறந்தால் சுடுகிறவரின் முகம் தப்பாது. ஆகவே தோட்டா ஏறிப் பூட்டியபின், சுத்தியல் விழும்வரை கைப்பிடி அசையாது. சுடாமல் திறக்க வேண்டுமானால் அதற்கென்றே இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும்.

கைப்பிடியைச் சறுக்கித் தோட்டா மாற்றும் இந்த எண்ணத்துக்கு 1854இலேயே பிரிட்டனில் அலெக்ஸாண்டர் பெயின் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். துப்பாக்கியாகச் செய்து விற்றவர் கனெக்டிகட் மாநிலத்து கிறிஸ்டோபர் ஸ்பென்சர், 1882இல். பின்னால் அவருடைய உரிமைகளை வாங்கிய பேனர்மேன் என்ற வியாபாரி வின்செஸ்டர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். வின்செஸ்டர்காரர்கள் பழைய ஐரோப்பியக் காப்புரிமைகளைத் தோண்டியெடுத்துக் காட்டித் தப்பித்தார்கள். அவர்களுக்காக யூட்டா மாநிலத்து ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1897 மாடல், 1957வரை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பம்ப் துப்பாக்கியும் ஒன்றுபோலத்தான். கிட்டே போனால் குடும்ப ஜாடை தெரியும். சுத்தியல் வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறதா? பெரும்பாலும் அந்த 1897. பக்கவாட்டில் திறப்பே இல்லாமல், தோட்டா நுழைவதும் கூடு விழுவதும் அடியில் ஒரே வாசல் வழியாகவா? இத்தாக்கா 37 ஆக இருக்கலாம். பாதுகாப்புத் தாழ் கட்டைவிரல் தொடும்படி மேல்பக்கத்தில் இருந்தால் மாஸ்பெர்க் 500ஐ நினைக்க வேண்டும். விசைக்குப் பின்னால் குறுக்கே அழுத்தும் பொத்தானாக இருந்தால் ரெமிங்டன் 870 என்று ஊகிக்கலாம். 1950இல் பிறந்து 2009இல் ஒரு கோடியைத் தொட்ட மாடல் என்பதால் ஊகம் பலிக்கும் வாய்ப்பும் அதிகம்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு போன்ற பெரிய கடைகள் தயாரிப்பாளர்களிடம் மொத்தமாகச் செய்யச் சொல்லி, தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரைத் தாங்கிய சியர்ஸ் துப்பாக்கி, வின்செஸ்டர் 1200இன் மாறுவேடம். சியர்ஸின் ஜே.சி. ஹிக்கின்ஸ் வகையில் மாடல் எண் 583 என்று தொடங்கினால் செய்தது ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம். இந்த மலிவு விலைத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வரிசை எண்ணே கிடையாது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் வரும்வரை எண் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் எண் இல்லாமையே ஒரு தேதிதான்.

வயது கணிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ரெமிங்டனின் ரகசியம். குழலின் இடப்பக்கம், பின்முனைக்கு அருகே, சின்னதாக இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலெழுத்து மாதம். ஏன் அந்தந்த எழுத்து? ஆங்கிலத்தில் கரிமருந்தைக் குறிக்கும் 'பிளாக் பவுடர்' என்ற இரு சொற்களைச் சேர்த்தால் பதினோரு எழுத்து வரும், ஒன்றுகூடத் திரும்ப வராது. கடைசியில் ஓர் 'எக்ஸ்' சேர்த்தால் பன்னிரண்டு. முதலெழுத்து ஜனவரி, இரண்டாவது பிப்ரவரி, 'எக்ஸ்' டிசம்பர். துப்பாக்கிக்காரர்கள் மாதம் எண்ண இதைவிடப் பொருத்தமான சொல் அகப்பட்டிருக்காது!

அடுத்த எழுத்து ஆண்டு. இங்கேதான் சிக்கல். 1954இல் 'ஏ'யில் தொடங்கிய வரிசை 1980இல் மறுபடி 'ஏ'க்கு வந்துவிட்டது. 870இன் குழலில் 'டபிள்யூ, எல்' என்று இருந்தால் மாதம் ஆகஸ்ட். ஆண்டு 1964ஆகவும் இருக்கலாம், 1991ஆகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்லும் சாட்சி குழலின் முன்முனையில் இருக்கிறது. கழற்றி மாட்டும் முனைகளுக்காக ரெமிங்டன் குழலுக்குள் மரையிடத் தொடங்கியது 1980களின் நடுவில். தொழிற்சாலை மரை இருந்தால் அது 1991. உள்ளே வழவழப்பாக இருந்தால் 1964 என்பதே வலுவான ஊகம்.

சரி, துப்பாக்கியின் வயது தெரிந்துவிட்டதா? தெரிந்தது குழலின் வயது மட்டும்தான். 870இன் பூட்டு, குழலின் பின்னே நீண்டிருக்கும் நாக்கு ஒன்றில் போய் நேரடியாகக் கொளுவுகிறது. வெடிப்பின் விசையைப் பூட்டும் குழலும் தங்களுக்குள்ளேயே தாங்கிக்கொள்கின்றன. பாகங்களை அடக்கிய உலோகப் பெட்டிக்கு, அதாவது ரிசீவருக்கு, அந்தப் பளு இல்லை. அதனால் வீட்டிலேயே மூடியைத் திருகிக் கழற்றி, ஒரு குழலை உருவி இன்னொன்றைச் சொருகலாம். வாத்துக்கு நீளக் குழல், மானுக்குக் குட்டைக் குழல் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். விற்கும்போது எது மாட்டியிருந்ததோ அது போகும். 1958ஆம் ஆண்டு ரிசீவரில் 1983ஆம் ஆண்டுக் குழல் இருந்தால் அதில் மோசடி எதுவும் இல்லை, குடித்தனம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'போர்' கணக்கும் விசித்திரமானது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் துளை 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் உருண்டை சிறுக்கும், துளையும் சிறுக்கும். ஆகவே எண் பெரிதானால் துப்பாக்கி சின்னது.

போர் பொருந்தினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. தோட்டாவின் நீளத்தை, சுட்டு விரிந்தபின் உள்ள நீளமாகவே குறிப்பார்கள். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இன்றைய அளவைவிடக் குட்டை. இன்றைய தோட்டா அதற்குள் அழகாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டி, அழுத்தம் எகிறும். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையின் நீளத்தை அளந்துகொள்வது, பெயரும் வயதும் கண்டுபிடிப்பதைவிட முக்கியம்.

மேல்பூச்சு சொல்லும் கதைகள் தனி. துப்பாக்கியின் கருநீலம் சாயமல்ல, வேண்டுமென்றே அளவாக ஏற்றிய இரும்பு ஆக்சைடு, அதாவது அடக்கி வைத்த துரு. நிக்கல் எஃகால் செய்த பழைய வின்செஸ்டர் 12 ரிசீவருக்கு யாராவது புதிதாக நீலம் ஏற்றினால், அது காலப்போக்கில் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பிவிடுவதுண்டு. பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், நீலம் ஏற்றுமுன் யாரோ தேய்த்திருக்கிறார்கள். 870இன் பளபளக்கும் மரக்கட்டைக்கோ வேறொரு பூர்வீகம். அன்றைக்கு ரெமிங்டனின் உரிமையாளர் டூபான்ட் ரசாயன நிறுவனம். பந்தை உருட்டி ஆடும் பௌலிங் கூடங்களில் அடிவாங்கும் மரக்குப்பிகளுக்கென்று அவர்கள் செய்த பூச்சு, துப்பாக்கிக் கட்டைக்கும் வந்து சேர்ந்தது.

மாற்றியமைப்பதில் பெரும்பகுதி குழல்முனையைச் சுற்றியே நடந்திருக்கிறது. முனையை லேசாக ஒடுக்கினால் தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈய ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் போகும். இந்த ஒடுக்கத்துக்கு 'சோக்' என்று பெயர். மிக இறுக்கமான 'ஃபுல்' சோக்கிலும் ஒடுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒடுக்கமே இல்லாத குழல், 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றில் சுமார் 40 ரவைகளைப் போடும். ஃபுல் சோக் 70ஐப் போடும். கழற்றி மாட்டும் சோக்குக்கு 1868லேயே காப்புரிமை வாங்கியவர் சில்வெஸ்டர் ரோப்பர். நீராவியில் ஓடும் மோட்டார் சைக்கிளைச் செய்து ஓட்டிய அதே மனிதர்தான். ஆனால் அவருடைய சோக் பரவ நூறாண்டு பிடித்தது. இடையில் பலர் நல்ல குழலின் முனையை அறுத்துவிட்டு, திருகினால் சுருங்கி விரியும் 'பாலி சோக்' என்ற குமிழைப் பொருத்தினார்கள். வேட்டைக்காரருக்கு அது வசதி, சேகரிப்பாளருக்குக் கண்ணுறுத்தல், விலையும் இறங்கும். என்னைக் கேட்டால் அந்தக் குமிழும் துப்பாக்கியின் வரலாறுதான். ஆனால் ரம்பத்தை எடுப்பவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்தாக வேண்டிய வேறு வகை ஆயுதமாகிவிடும்.

கழற்றி மாட்டக்கூடிய பாகங்களை மாற்றினால் பழையதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தோளுக்கு ரப்பர் திண்டு, கைக்கேற்ற கட்டை, வேறொரு குழல் எல்லாம் இந்த வகை. கட்டையை அறுப்பதும், துளை போடுவதும், தேய்ப்பதும் திரும்பிவராத வேலைகள்.

மேலே சொன்ன 1964ஐயும் 1991ஐயும் பிரித்தறிய இன்னொரு காரணமும் இருக்கிறது. நீர்நிலைகளில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் சரளைக்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை வந்தது. அதன் இடத்துக்கு வந்த எஃகு ரவை ஈயம்போல நசுங்கிக் கொடுக்காது. அந்தக் காலத்து ஃபுல் சோக் குழலில் அதைச் சுட்டால் முனை வளையமாகப் புடைத்துக்கொள்ளலாம். 1964 என்று தெரியவந்தால் வாத்து வேட்டைக்காரர் அந்தக் குழலை உருவி எடுத்து வைத்துவிட்டு, எஃகு ரவைக்கு ஏற்றதென்று குறித்த குழல் ஒன்றை வாங்கி மாட்டுவார். துப்பாக்கிக்கு இன்னொரு வயது கூடும்.