தீர்க்கதரிசியும் நபியும்: ஓரிறைச் சமயங்களில் இறைத்தூதர் பெறும் இடம்

இறைவன் ஒருவனே எனக் கொள்ளும் சமயங்களுள் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் ஆபிரகாமைத் தம் முன்னோராகப் போற்றுகின்றன. உலகைப் படைத்தவன் ஒருவன். அவன் மனிதரை நோக்கிப் பேசுகிறான். அப்பேச்சை மக்களிடம் கொண்டு சேர்க்கச் சிலரைத் தேர்ந்தெடுக்கிறான். இவ்வளவும் மூன்றுக்கும் பொது. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மனிதர் யார், அவர் பணி யாது, அவர் எவ்வளவு உயர்ந்தவர் என்னும் கேள்விகளுக்கு மூன்றும் தரும் விடைகள் வெவ்வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழில் எடுத்துரைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவரைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் விவிலியத்தில் அவர் 'தீர்க்கதரிசி'. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் அவர் 'இறைவாக்கினர்'. தமிழ் முஸ்லிம்களுக்கோ அவர் 'நபி', 'ரசூல்', 'இறைத்தூதர்'. இச்சொற்களை ஒரே பொருளின் பல பெயர்களாக எண்ணி, ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றை வைத்துவிடுவோர் பலர். அவ்வாறு செய்யும்போது பிறர் சமயத்தைப் பற்றிய தவறான கருத்து, அறியாமலே மாணவர் உள்ளத்தில் விதைக்கப்பட்டுவிடுகிறது.

சொல்லின் பொருள்

'தீர்க்கதரிசி' என்பது வடமொழிச் சொல். நெடுந்தொலைவு காண்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ் வழக்கில் அது வருங்காலம் உரைப்பவர் என்னும் பொருளையே பெரிதும் தாங்கி நிற்கிறது. விவிலியத்தின் மூலமொழியாகிய எபிரேயத்தில் உள்ள சொல் 'நாபி' என்பதாகும். அரபுமொழியின் 'நபி' அதற்கு உடன்பிறந்த சொல். அரபியில் 'நபஉ' என்றால் செய்தி. ஆகவே, இறைவனிடமிருந்து செய்தி பெற்று அறிவிப்பவர் என்பதே இச்சொல்லின் கருத்து. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த பண்டைய அறிஞர்கள் 'புரொபேத்தேஸ்' என்னும் சொல்லை ஆண்டனர். பிறர் சார்பில் எடுத்துரைப்பவர் என்பது அதன் பொருள். மூன்று மொழிகளிலும் முதன்மை பெறுவது வாக்கே. தமிழ்ச் சொல்லில் மட்டும் பார்வை முதன்மை பெற்றுவிட்டது.

வருவது உரைத்தல் நாபியின் இலக்கணம் அன்று என்பதற்கு விவிலியமே சான்று தருகிறது. ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே பலித்தாலும், அவன் மக்களைப் பிற தெய்வங்களின் பின்னே இழுப்பானாயின் அவனுக்குச் செவிசாய்க்கலாகாது என்று உபாகமம் கட்டளையிடுகிறது. இதற்கு மறுதலையாக, யோனா நினிவே நகர் அழியும் என்று அறிவித்தார். நகர மக்கள் மனம் வருந்தித் திருந்தினர், நகரம் அழியவில்லை. சொன்னது நடவாமற் போயினும் யோனா பொய்யர் ஆகவில்லை. மக்கள் திருந்தியதனால் அவர் கொணர்ந்த செய்தி பயன் தந்துவிட்டது. அவரையே திருக்குர்ஆன் யூனுஸ் நபி எனப் போற்றுகிறது. அவர் சமூகத்தார் நம்பிக்கை கொண்டு தண்டனையினின்று தப்பியதையும் அது குறிப்பிடுகிறது.

யூதர் கொள்கை

யூத சமயத்தில் இறைவன் ஒருவன், உருவம் அற்றவன், ஒப்புமை இல்லாதவன். அவனது நான்கெழுத்துத் திருப்பெயரை யூதர் வாயால் உச்சரிப்பதில்லை. வேதத்தில் அப்பெயர் வரும் இடத்தில் 'ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்னும் சொல்லைப் படிப்பர். இறைவன் ஒருவனே என அறிவிக்கும் 'ஷெமா' என்னும் ஓதலைக் காலையும் மாலையும் சொல்வது அவர்தம் கடமை.

இவ்விறைவன் இஸ்ரவேல் மக்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான் என்பது யூத சமயத்தின் அடித்தளம். நாபியின் பணியும் அதிலிருந்தே பிறக்கிறது. உடன்படிக்கையை மக்கள் மறக்கும்போது நினைவூட்டுவதும், அரசனே தவறினாலும் இடித்துரைப்பதும் அவர் கடன். ஆமோஸ் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆட்டிடையர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஏழைகளை நசுக்கிக்கொண்டே விழாக்களையும் பலிகளையும் சிறப்பாக நடத்திய செல்வரை அவர் கடுமையாகச் சாடினார். எரேமியா தம் மக்களுக்குக் கசப்பான உண்மையைச் சொன்னதற்காகச் சேறு நிறைந்த பாழ்ங்கிணற்றில் இறக்கப்பட்டார்.

நாற்பத்தெட்டு ஆண்களும் ஏழு பெண்களும் இஸ்ரவேலருக்கு நாபிகளாக வாய்த்தனர் எனத் தல்மூது என்னும் யூத நூல் கணக்கிடுகிறது. பெண்களுள் ஒருவராகிய உல்தா என்பவர், யோசியா மன்னர் ஆலயத்தில் கிடைத்த சட்டநூலைப் பற்றி விளக்கம் கேட்டு ஆளனுப்பும் அளவுக்கு மதிக்கப்பட்டவர். நாபிகள் எல்லோரினும் மேலானவர் மோசே. அவர் பெற்ற வெளிப்பாட்டுக்கு நிகர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதை யூத சமயத்தின் பதின்மூன்று கோட்பாடுகளுள் ஒன்றாக மைமோனிதீஸ் (1138-1204) வகுத்தார். ஆகாய், சகரியா, மல்கியா ஆகியோருக்குப் பிறகு அவ்வரிசை நின்றுவிட்டது என்பது யூதர் மரபு.

கிறிஸ்தவர் கொள்கை

கிறிஸ்தவமும் இறைவன் ஒருவனே என்று உறுதியாகக் கூறுகிறது. ஆனால், அவ்வொருவனே தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்குகிறான் என்பது அதன் தனிக்கொள்கை. 325-ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளாய் இருப்பவர் என அறுதியிட்டது. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் தூய ஆவியைப் பற்றிய கொள்கையை விரித்துரைத்தது. மூன்று கடவுளர் என்று இதனைப் பொருள்கொள்வது கிறிஸ்தவர் சொல்லாததை அவர் மேல் ஏற்றுவதாகும்.

இக்கொள்கையினால் இறைவாக்கினரின் இடம் மாறிவிடுகிறது. எபிரேய வேதத்து நாபிகள் அனைவரையும் கிறிஸ்தவம் ஏற்கிறது. ஆனால், அவர்களை வரப்போகும் ஒருவருக்குக் கட்டியம் கூறியவர்களாகக் காண்கிறது. யோவான் ஸ்நானகர் அவ்வரிசையின் முடிவில் நிற்பவர். முற்காலத்தில் இறைவாக்கினர் வழியாகப் பேசிய இறைவன் பின்னர் தன் மகன் வழியாகவே பேசினான் என்பது எபிரேயர் திருமுகத்தின் தொடக்கக் கருத்து. இயேசுவுக்கு இறைவாக்கினர், குரு, அரசர் என்னும் மூவகைப் பணிகளும் உண்டு எனக் கிறிஸ்தவ அறிஞர் வகுப்பர். எனினும், அவரை இறைவாக்கினர் என்ற அளவில் நிறுத்துவது கிறிஸ்தவ நம்பிக்கை ஆகாது. பிறர் இறைவனின் வாக்கைக் கொணர்ந்தனர். இயேசுவோ அவ்வாக்கே மனிதராகி வந்தவர் என்பதே அந்நம்பிக்கை.

இஸ்லாமியர் கொள்கை

இஸ்லாத்தின் உயிர்நிலை 'தவ்ஹீத்' என்னும் ஓரிறைக் கொள்கை. அல்லாஹ் ஒருவன், அவன் பிறக்கவும் இல்லை, பிறரைப் பெறவும் இல்லை, அவனுக்கு இணை எதுவும் இல்லை. அவனுக்கு இணைவைத்தல் பாவங்களுள் தலையாயது. இறைவனுக்கும் படைப்புக்கும் இடையே உள்ள எல்லை ஒருபோதும் அழியாது. எனவே, நபி எவ்வளவு உயர்ந்தவராயினும் மனிதரே.

திருக்குர்ஆன் இருபத்தைந்து நபிமார்களைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆதம் முதலாக இப்ராஹீம், மூஸா, தாவூத், ஈஸா எனத் தொடரும் அவ்வரிசையின் முத்திரையாக நபிகள் நாயகம் முகம்மது அவர்கள் விளங்குகிறார்கள். அவர்களுக்குப் பின் நபி இல்லை. திருக்குர்ஆனில் பெயரால் மிகுதியும் குறிக்கப்படுபவர் மூஸா நபியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஈஸா நபி கன்னி மரியமிடம் தந்தையின்றிப் பிறந்தவர் என்றும், மஸீஹ் என்றும் அந்நூல் சிறப்பிக்கிறது. ஆனால், அவரை இறைமகன் என்பதை மறுக்கிறது.

நபிக்கும் ரசூலுக்கும் வேறுபாடு உண்டு. இறைச்செய்தி பெற்றவர் நபி. தனிப்பட்ட தூதுப்பணியோடு அனுப்பப்பட்டவர் ரசூல். ரசூல் எல்லோரும் நபியே. நபி எல்லோரும் ரசூல் அல்லர் எனப் பெரும்பாலான அறிஞர் விளக்குவர்.

முற்காலத் தமிழ் நூல்கள் சில, முஸ்லிம்களை 'முகமதியர்' என்று எழுதின. ஐரோப்பியர், கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்பதைப்போல, இஸ்லாமியருக்கும் இட்ட பெயரின் தமிழ் வடிவம் அது. நபிகள் நாயகத்தை முஸ்லிம்கள் வணங்குகின்றனர் என்னும் பிழையான கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது. 632-இல் நபிகள் நாயகம் மறைந்தபோது துயரத்தால் கலங்கி நின்ற மக்களிடம் அபூபக்கர் அவர்கள், முகம்மதை வணங்கியிருந்தோர்க்கு அவர் இறந்துவிட்டார் எனவும், அல்லாஹ்வை வணங்குவோர்க்கு அவன் என்றும் உயிரோடிருப்பவன் எனவும் உணர்த்தியதாக வரலாறு கூறும். அவ்வுரையை அறிந்தவர் 'முகமதியர்' என்னும் சொல்லை எழுதத் துணியார்.

ஒரு வரலாறு, இரு நோக்கு

தாவீது மன்னரின் வரலாறு இவ்வேறுபாடுகளை நன்கு விளக்கும். தாவீது தம் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் மடியச் செய்தார் என விவிலியம் கூறுகிறது. நாத்தான் என்னும் நாபி, ஏழை ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைச் சொல்லி மன்னரைக் குற்றம் உணரச் செய்தார். யூதரும் கிறிஸ்தவரும் இவ்வரலாற்றைத் தம் வேதத்தில் மறைக்காமல் வைத்திருக்கின்றனர். மன்னரும் நீதிக்கு உட்பட்டவரே என்பதும், பாவம் செய்தவர் மனம் திரும்பினால் இறைவன் ஏற்பான் என்பதும் அவர்கள் இதிலிருந்து பெறும் பாடம்.

இஸ்லாத்தில் தாவூத், ஸபூர் என்னும் வேதம் அருளப்பெற்ற நபி. நபிமார்கள் பெரும் பாவங்களினின்று காக்கப்பட்டவர்கள் என்பது முஸ்லிம் அறிஞர் கொள்கை. பின்பற்றத்தக்க வாழ்வுடையவராய் இருந்தாலன்றித் தூதின் மீது நம்பிக்கை நிலைக்காது அன்றோ? ஆடுகளைப் பற்றிய வழக்கோடு இருவர் தாவூதிடம் வந்ததையும், அவர் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதையும் திருக்குர்ஆன் சொல்கிறது. உரியாவின் மனைவியைப் பற்றிய செய்தி அதில் இல்லை. வகுப்பறையில் விவிலியக் கதையை அனைவருக்கும் பொதுவான வரலாறாகச் சொன்னால் முஸ்லிம் மாணவர் மனம் புண்படும். அக்கதையே கூடாது என ஒதுக்கினால் மற்ற இரு சமயத்தாரின் ஆழ்ந்த அறவுணர்வு மறைக்கப்படும். யார் நூலில் எவ்வாறு உள்ளது எனப் பிரித்துச் சொல்வதே நேரிய வழி.

தமிழர் உள்ளமும் தமிழ்ச் சொல்லும்

தமிழ் மாணவருள் பெரும்பாலோர்க்கு அவதாரம், குரு என்னும் கருத்துகள் பழக்கமானவை. வைணவத்தில் திருமாலே மண்ணில் அவதரிக்கிறான். சைவ சித்தாந்தத்தில் இறைவனே குருவாய் எழுந்தருளி உயிர்க்கு மெய்யுணர்த்துகிறான். சீக்கியரும் ஓரிறைக் கொள்கையினர். அவர்கள் போற்றுவது குரு நானக் முதலான பத்துக் குருமார்களை. 1708-இல் குரு கோவிந்த் சிங் மறைந்தபின் கிரந்த சாகிப் என்னும் திருநூலே அவர்களுக்கு நிலைத்த குருவாயிற்று. இக்கருத்துகளோடு வளர்ந்த மாணவர் நபியை அவதாரம் என்றோ, இயேசுவை ஒரு குரு என்றோ எளிதில் கருதிவிடுவர். முன்னது இஸ்லாத்திற்கு மாறானது. பின்னது கிறிஸ்தவத்திற்குப் போதாதது.

தமிழ்ப் புலவரும் மொழிபெயர்ப்பாளரும் இச்சிக்கலை உணர்ந்தே இருந்தனர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் இரண்டாம் பகுதிக்கு 'நுபுவ்வத்துக் காண்டம்' எனப் பெயரிட்டார். நபித்துவம் என்னும் கருத்துக்கு அரபுச் சொல்லையே காப்பியத்துள் அமைத்துக்கொண்டார். கிறிஸ்தவரோ இறைவனைக் குறிக்கவே பல சொற்களை ஆராய்ந்தனர். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என அவர்தம் மொழிபெயர்ப்புகளில் சொல் மாறிவந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாகவே 'தீர்க்கதரிசி' இருந்த இடத்தில் 'இறைவாக்கினர்' வந்து அமர்ந்தது. மூலச்சொல்லில் உள்ள வாக்கு என்னும் கருத்து அதனால் தமிழிலும் மீண்டது. மலாய் மொழி விவிலியத்தில் எசாயாவும் எரேமியாவும் 'நபி' என்றே அழைக்கப்படுவதையும் இங்கு ஒப்புநோக்கலாம்.

மலேசியாவில் 1970-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைநம்பிக்கையாகும். பல சமயத்துப் பிள்ளைகள் அதனை ஒரே குரலில் ஓதுகின்றனர். ஒவ்வொரு பிள்ளையும் அச்சொல்லைத் தன் வீட்டு வழக்கப்படியே பொருள்கொள்கிறது. எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன எனப் பொதுவாகச் சொல்லி முடிப்பது எளிது. ஆயின், அவ்வாறு சொல்பவர் மூன்று சமயத்தாரும் உயிரினும் மேலாகக் காக்கும் கொள்கைகளைக் கேளாமலே கடந்துவிடுகின்றார். யூத நாபியை நினைவூட்டுபவராகவும், கிறிஸ்தவ இறைவாக்கினரை மகனுக்கு வழிகாட்டியவராகவும், இஸ்லாமிய நபியைத் தூது கொணர்ந்த மனிதராகவும் அவரவர் சொல்லாலேயே அறிமுகப்படுத்தும் ஆசிரியர், மாணவர்க்குச் சமய அறிவோடு சொல்லறிவையும் ஊட்டுகின்றார். பிறர் நம்பிக்கையை அவர் சொல்லும் பொருளிலேயே கேட்கப் பழகிய மாணவர், அண்டை வீட்டாரோடு மதிப்புடன் உரையாடும் தகுதியைப் பெறுவர்.